பின்பக்கம் தூக்கிய கார்கள்: வட கரோலினாவில் ஐந்து நாள்

முதல் நாள், செவ்வாய்: ஹில்ஸ்பரோ

காட்டுக்குள் நடந்துகொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் பைன் மரங்கள், காலடியில் சருகு, கொஞ்சம் தள்ளி ஈனோ ஆறு. "மாமா, இப்ப நாம ரேஸ் டிராக் மேலதான் நடக்கிறோம்" என்றார் மாப்பிள்ளை. குனிந்து பார்த்தேன். சாதாரண மண் பாதைதான். அகலம்தான் இடித்தது. நடந்து போகிற பாதைக்கு எதற்கு இவ்வளவு அகலம்? வளைவு வந்ததும் சந்தேகம் போயிற்று. வெளிப்பக்கம் மேடு, உள்பக்கம் பள்ளம். வண்டி திரும்பும்போது வெளியே வீசப்படாமல் இருக்கச் சாய்த்துப் போட்ட மண். அந்தச் சாய்வின் நடுவிலேயே மரங்கள் வளர்ந்து நிற்கின்றன.

இது ஆக்கனீச்சி ஸ்பீட்வே. 0.9 மைல் சுற்றளவு. முன்பு இது பெரிய பண்ணை நிலம், அதில் குதிரை ஓட்டும் தளம் ஒன்று இருந்தது. பில் ஃபிரான்ஸ் என்பவர் விமானத்தில் போகும்போது மேலிருந்து அதைப் பார்த்து, கார் பந்தயத்துக்கு ஆகும் என்று முடிவு செய்தார் என்பார்கள். 1949இல் நாஸ்கார் என்ற கார் பந்தய அமைப்பு, ஷோரூம் கார்களுக்கான தன் முதல் சீசனில் மொத்தம் எட்டுப் பந்தயங்கள் நடத்தியது. அவை நடந்த மண் டிராக்குகளில் இன்றைக்கும் மண்ணாகவே மிச்சமிருப்பது இது ஒன்றுதான். ரேஸ் நின்றது 1968இல். அதற்குப் பிறகு மரங்கள் புகுந்துவிட்டன.

இந்தப் பயணம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தோரு வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன் நான். வெர்னியர், கேஜ் என்ற அளவுக் கருவிகள்தான் என் வாழ்க்கை. வரைபடத்தில் இருக்கிற அளவுக்கு ஒரு நூல் கூடினாலும் ரிஜெக்ட். மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் டிவி பார்த்ததில் இந்த ஸ்டாக் கார் ரேஸ் கண்ணில் பட்டது. ஸ்டாக் என்றால் கடையில் இருப்பு என்று பொருள். அதாவது ஷோரூமில் விற்கிற கார், விற்கிறபடியே. டிவியில் ஓடியதோ எந்தக் கடையிலும் வாங்க முடியாத வண்டி. அப்படியானால் அந்தச் சொல் எப்போது பொய்யாயிற்று? மாப்பிள்ளைக்கு ஐந்து நாள் லீவு இருந்தது. மகள், "ரெண்டு பேரும் வீட்ட விட்டுக் கிளம்புனா சரி" என்றாள்.

ஃபிரான்ஸ் கதையை இங்கேயே முடித்துவிடலாம். டேடோனா பீச்சில் பெட்ரோல் பங்க் வைத்திருந்த மெக்கானிக் அவர். அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் ஒரு ரேஸ், ஊருக்கு ஒரு விதி. பரிசுப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ரேஸ் முடியும் முன்பே காணாமல் போகிற ஏற்பாட்டாளர்களும் இருந்தார்கள். இதற்கு ஒரு முடிவு கட்ட, 1947 டிசம்பர் 14 அன்று டேடோனாவின் ஸ்ட்ரீம்லைன் ஹோட்டல் மொட்டைமாடி மதுக்கூடத்தில் ஆட்களைக் கூட்டினார். இரண்டு மாதம் கழித்து 1948 பிப்ரவரியில் நாஸ்கார் பதிவாயிற்று. ஒரே விதிப் புத்தகம், ஒரே புள்ளிக் கணக்கு, பேசிய பரிசு கைக்கு வரும் என்ற உத்தரவாதம். அமைப்பு என்று பார்த்தால் அவ்வளவுதான்.

ஹில்ஸ்பரோவில் ரேஸ் நின்றதற்கு உள்ளூர்ப் பாதிரிமார்களும் ஒரு காரணம். ஞாயிற்றுக்கிழமை தேவாலய நேரத்தில் என்ன கார் சத்தம் என்றார்கள். ஃபிரான்ஸ் இங்கே பெரிய டிராக் கட்ட நினைத்தது நடக்கவில்லை. அலபாமாவுக்குப் போய் டல்லாடீகா என்ற டிராக்கைக் கட்டினார். அவர்கள் எதிர்த்திராவிட்டால் இந்தக் காடு இருந்திருக்காது. காங்கிரீட் படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். ஒரு காலத்தில் கூட்டம் உட்கார்ந்து கத்திய படி. எதிரே மரம்கொத்தி சத்தம்.

இரண்டாம் நாள், புதன்: லெவல் க்ராஸ்

கிரீன்ஸ்பரோவுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். ஊர் என்பதை விட நாற்சந்தி என்றால் பொருத்தம். ரிச்சர்ட் பெட்டி பிறந்து வளர்ந்த இடம். 200 வெற்றி, 7 சாம்பியன் பட்டம். 1967இல் மட்டும் 27 பந்தயம் ஜெயித்தார், அதில் தொடர்ச்சியாகப் பத்து. அவர் குடும்பத்தின் பழைய பட்டறைதான் இப்போது மியூசியம்.

எனக்குப் பிடித்தது மகன் அல்ல, அப்பா. லீ பெட்டி 35 வயதுக்கு மேல் ரேஸுக்கு வந்தவர். 1949 ஜூன் 19 அன்று சார்லட்டில் ஷோரூம் கார்களுக்கான முதல் நாஸ்கார் பந்தயம். லீ என்ன செய்தார்? தெரிந்தவர் ஒருவரின் பியூக் ரோட்மாஸ்டரைக் கடன் வாங்கி, குடும்பத்தையும் அதிலேயே ஏற்றிக்கொண்டு ரேஸுக்குப் போனார். ரேஸில் அந்தக் கார் உருண்டு புரண்டு நாசமாயிற்று. திரும்பி வர வண்டி இல்லை. யாரோ ஏற்றிக்கொண்டு வந்து விட்டார்கள். அன்றைக்கு ரிச்சர்டுக்குப் பதினோரு வயது. அந்த பியூக் சொந்தக்காரர் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன்.

அதில் லீ தெரிந்துகொண்டது, கனமான கார் வளைவில் வேலைக்காகாது என்பது. அடுத்து லேசான பிளிமத் வாங்கினார். விவசாயக் கருவி வைக்கிற மண்தரைக் கொட்டகையில் பட்டறை ஆரம்பமாயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1959இல் அட்லாண்டாவின் லேக்வுட் டிராக்கில் ரிச்சர்ட் முதன்முதலாக ஜெயித்ததாக அறிவித்தார்கள். ஓர் ஆள் எழுந்து, சுற்றுக் கணக்கு தப்பு என்று புகார் கொடுத்தார். கணக்குப் பார்த்தார்கள், தப்புதான். வெற்றி புகார் கொடுத்தவருக்கே போயிற்று. புகார் கொடுத்தவர் லீ பெட்டி. மாப்பிள்ளை, "சொந்தப் பையன் மேலயா?" என்றார். எனக்கு ஆச்சரியமில்லை. நல்ல இன்ஸ்பெக்டருக்கு மகன் என்ன, மருமகன் என்ன.

மியூசியத்தில் நான் வெகுநேரம் நின்றது சூப்பர்பேர்ட் வகைக் கார்களின் படத்துக்கு முன்னால். 1970 பிளிமத். முன்னால் கூர்மையான மூக்கு, பின்னால் ஆள் நெஞ்சளவுக்கு நிற்கிற றெக்கை. ரேஸில் ஓட வேண்டுமென்றால் அந்தக் கார் பொதுமக்களுக்கும் விற்பனைக்கு வந்திருக்க வேண்டும் என்பது விதி. 1969இல் டாட்ஜ் கம்பெனி இதேபோன்ற றெக்கைக் காரை 500க்குச் சற்று மேல் செய்தது. அடுத்த வருஷம் விதியைக் கூட்டினார்கள், பிளிமத் 1,900 கார்களுக்கு மேல் செய்ய வேண்டியதாயிற்று. யார் வாங்குவது? காய்கறி வாங்கப் போகிறவர் றெக்கையோடு போவாரா? பல கார்கள் ஷோரூமிலேயே தேங்கின. சில டீலர்கள் மூக்கையும் றெக்கையையும் கழற்றிவிட்டுச் சாதாரணக் காராக்கி விற்றார்கள்.

கடைக் காரை ரேஸுக்குக் கொண்டுபோக வைத்த விதி. அதை அப்படியே தலைகீழாக்கி, ரேஸ் காரைக் கடைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். விதியில் ஓர் எழுத்துகூட மீறவில்லை. இதற்கு நான் என்ன ரிப்போர்ட் எழுதியிருப்பேன்? 'ஏற்கப்பட்டது' என்றுதான்.

மூன்றாம் நாள், வியாழன்: சார்லட்

காலையில் முதல் ரேஸ் நடந்த இடத்தைத் தேடிப் போனோம். ஊருக்கு மேற்கே, விமான நிலையத்துக்குப் பக்கம், முக்கால் மைல் மண் டிராக். இப்போது சாலையும் கட்டடமும்தான். டிராக்கின் சுவடு எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. தலைக்கு மேல் விமானம் போய்க்கொண்டே இருந்தது. ஐந்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டோம்.

ஆனால் நான் தேடி வந்த கதை அங்கே நடந்ததுதான். 33 கார்கள். எல்லாம் ஷோரூம் வண்டிகள். கதவு திறந்துகொள்ளாமல் இருக்க பெல்ட்டால் கட்டினார்கள், அதைத் தவிரப் பெரிய மாற்றம் கூடாது. 200 சுற்று. செம்மண் புழுதியில் முன்னால் போகிற வண்டியே தெரியாது. கடைசியில் கிளென் டனவே என்பவர் 1947 ஃபோர்டில் மூன்று சுற்று முன்னிலையில் வந்து ஜெயித்தார். கூட்டம் கைதட்டியது, முடிந்தது என்று நினைத்தார்கள்.

பிறகுதான் காரைத் தூக்கிப் பார்த்தார்கள். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளில் வேலை செய்திருந்தார்கள். கம்பெனி கொடுத்த ஸ்பிரிங் இல்லை. டனவே தகுதியிழந்தார். பின்னால் வந்த ஜிம் ரோப்பர் வெற்றியாளர் என்று அறிவிக்கப்பட்டார். ரோப்பர் கான்சஸ்காரர். செய்தித்தாளில் வந்த ஒரு சித்திரத் தொடரில் இந்த ரேஸ் பற்றிப் படித்துவிட்டு வந்தவராம். அவருக்கு 2,000 டாலர் கிடைத்தது. டனவேயின் கார் சொந்தக்காரர் 10,000 டாலர் கேட்டு வழக்குப் போட்டார். தன் விதியை அமல்படுத்த நாஸ்காருக்கு உரிமை உண்டு என்று சொல்லி நீதிபதி தள்ளுபடி செய்துவிட்டார்.

அப்போ விஷயம் இதுதான். 'ஸ்டாக்' என்ற சொல் முதல் நாளே, முதல் பந்தயத்திலேயே, முதலில் வந்த காராலேயே உடைந்துவிட்டது. இந்த அமைப்பின் வரலாறு ஓர் இன்ஸ்பெக்‌ஷன் ரிஜெக்டில் தொடங்குகிறது. எனக்கு உடனே இந்த விளையாட்டின் மேல் பாசம் வந்துவிட்டது.

மாப்பிள்ளைக்கு ஸ்பிரிங் பட்டை என்றால் என்னவென்று தெரியவில்லை. கம்ப்யூட்டர்காரர், பாவம். மதியச் சாப்பாட்டில் இரண்டு முள்கரண்டியை அடுக்கி, மேலே கையை வைத்து அழுத்திக் காட்டினேன். பட்டை அடுக்கு கெட்டியானால் பாரம் ஏற்றினாலும் பின்பக்கம் தாழாது. "ரேஸ் கார்ல என்ன பாரம் மாமா?" என்றார். நல்ல கேள்வி. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

சாப்பிட்டுவிட்டு நாஸ்கார் ஹால் ஆஃப் ஃபேம். 2010இல் திறந்தது. உள்ளே சரிவான டிராக் மாதிரியே ஒரு பாதை அமைத்து, அதில் வரிசையாகக் கார்களை நிறுத்தியிருக்கிறார்கள். போகப் போகச் சாய்வு கூடிக்கொண்டே 33 டிகிரிக்குப் போகிறது. கடைசியில் நிற்க முடியவில்லை, அதில் கார் எப்படி ஓடுகிறது என்று பிரமிப்பாக இருந்தது.

அங்கே நின்று யோசித்தபோது இரண்டு ரிஜெக்ட் கதைகள் ஞாபகம் வந்தன. 1983 அக்டோபர், இதே சார்லட்டில் ரிச்சர்ட் பெட்டி தன் 198ஆவது வெற்றியைப் பெற்றார். எஞ்சின் அளவு 358 கன அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. அளந்தால் ஏறத்தாழ 382. போதாததற்கு, இடப்பக்கத்துக்கான டயரை வலப்பக்கம் மாட்டியிருந்தார்கள். 35,000 டாலர் அபராதம், 104 புள்ளி கழிவு. வெற்றியை மட்டும் எடுக்கவில்லை! டனவேக்கு ஒரு நீதி, ராஜாவுக்கு ஒரு நீதி.

அதற்கு நேர்மாறு 2022 ஜூலை. பொக்கோனோ டிராக்கில் டென்னி ஹாம்லின் முதலாவது, கைல் புஷ் இரண்டாவது. சோதனையில் முன்பக்க உடல்பகுதியில் இருக்கக் கூடாத டேப் ஒட்டியிருந்தது தெரிந்தது. இரண்டு பேரும் வெளியே. மூன்றாவதாக வந்த சேஸ் எலியட் வெற்றியாளர். அவர் அன்றைக்கு ஒரு சுற்றுகூட முன்னிலையில் இருந்ததில்லை. நாஸ்காரின் உச்சப் போட்டியில் ஜெயித்தவர் இப்படித் தகுதியிழந்தது 1960க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. ஒரு துண்டு டேப். அந்த இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்.

வெண்டெல் ஸ்காட்டுக்கும் இந்த ஹாலில் இடம் உண்டு, 2015இல் கொடுத்தார்கள். வர்ஜீனியாவின் டான்வில்காரர், கறுப்பினத்தவர். 1952இல் காரை இழுத்துக்கொண்டு வின்ஸ்டன்-சேலத்தில் நாஸ்கார் பந்தயத்துக்குப் போனார். கறுப்பர்கள் ஓட்டக்கூடாது என்று திருப்பி அனுப்பினார்கள். அங்கே காரை யாரும் அளக்கவில்லை. 1963 டிசம்பர் 1 அன்று ஜாக்சன்வில்லில் அவர் ஜெயித்தபோது வெற்றிக் கொடியை பக் பேக்கர் என்ற இன்னொரு ஓட்டுநருக்கு ஆட்டினார்கள், கோப்பையும் அவருக்கே. கூட்டம் கலைந்து பல மணி நேரம் கழித்து, கணக்கில் பிழை, ஜெயித்தது ஸ்காட் என்று ஒத்துக்கொண்டார்கள். லீ பெட்டியின் புகாரைப் பார்த்து நேற்று சிரித்த நான் இங்கே கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். ஸ்காட் குடும்பத்துக்கு நாஸ்கார் முறையாகக் கோப்பை கொடுத்தது 2021இல். ஸ்காட் இறந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது.

வெளியே வரும் வழியில் ஒரு செப்புக் கொப்பரை இருக்கிறது. கள்ளச்சாராயம் காய்ச்சும் அடுப்பு. உள்ளே வைக்க அதை அமைத்துக் கொடுத்தவர் ஜூனியர் ஜான்சன், ஹால் ஆஃப் ஃபேமின் முதல் ஐவரில் ஒருவர். "இதுதான் மாப்பிள்ளை அந்த பாரம்" என்றேன்.

நான்காம் நாள், வெள்ளி: வில்க்ஸ் கவுண்டி

காலையில் மழை. வடக்கே போகப் போக நிலம் மேலேறுகிறது, மடிப்பு மடிப்பாகக் குன்றுகள். நடுநடுவே கோழிப் பண்ணைகள்.

மலையடிவாரத்து விவசாயிகள் மக்காச்சோளம் போட்டார்கள். சோளத்தை மூட்டையாகக் கீழே கொண்டுபோய் விற்றால் வண்டிக் கூலிக்கே சரியாக இருக்கும். அதையே ஊறல் போட்டுக் காய்ச்சினால் சின்ன ஜாடியில் பெரிய காசு. மதுவிலக்கு 1933இல் நீங்கிய பிறகும் காய்ச்சல் நிற்கவில்லை. ஏனென்றால் சண்டை மதுவைப் பற்றியது மட்டுமல்ல, வரியைப் பற்றியது. வரி கட்டாத சரக்கை ராத்திரி நேரத்தில் பட்டணத்துக்குக் கொண்டுபோக வேண்டும். போலீஸ் துரத்தும்.

அதற்கு என்ன மாதிரி வண்டி வேண்டும்? 1939, 1940 ஃபோர்டு கூபே, வி8 எஞ்சின். பார்வைக்குப் பள்ளிக்கூட வாத்தியார் வண்டி மாதிரி இருக்க வேண்டும், உள்ளே புலி மாதிரி இருக்க வேண்டும். பின்சீட்டைக் கழற்றிவிட்டு நூறு கேலன் வரை ஏற்றுவார்கள். அவ்வளவு பாரத்தில் பின்பக்கம் தரையில் உட்கார்ந்துவிட்டால் எந்தக் காவல்காரனுக்கும் தெரிந்துபோகும். அதற்காகத்தான் பட்டையைக் கெட்டியாக்கினார்கள். சரக்கு ஏற்றினால் கார் மட்டமாக நிற்கும். சரக்கு இறக்கினால் பின்பக்கம் வெட்டுக்கிளி மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த ஸ்பிரிங் வளைவுகளிலும் வண்டியை ஆடாமல் பிடிக்கும். டனவே ஓட்டிய ஃபோர்டு சாராய வண்டிதான். ரேஸுக்குச் சில நாள் முன்புகூடச் சரக்கு அடித்ததாகச் சொல்வார்கள். ஏமாற்ற வேண்டும் என்று ரேஸுக்காகச் செய்த வேலை அல்ல அது. தொழிலுக்குச் செய்தது.

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப அவங்களுக்கு அதுதான் மாமா ஸ்டாக்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் சொன்னதிலேயே எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம்.

421ஆம் நெடுஞ்சாலையின் ஒரு பகுதிக்கு ஜூனியர் ஜான்சன் என்று பெயர். எந்தச் சாலைகளில் போலீசை ஓடவிட்டாரோ அந்த வட்டாரத்திலேயே பலகை! அப்பா காய்ச்சினார், மகன் ஓட்டினார். ரோட்டில் தன்னை ஒருபோதும் பிடித்ததில்லை என்பது அவர் பெருமை. 1956இல் பிடிபட்டது அப்பாவின் அடுப்பில், காரில் அல்ல. ஒஹாயோ சிறையில் பதினோரு மாதம் இருந்தார். சிறைக்கு முன்னும் பின்னும் சேர்த்து ரேஸில் மொத்தம் 50 வெற்றி. 1960 டேடோனா 500இல் அவருடைய செவர்லே வேகம் குறைந்தது. வேகமான போன்டியாக் ஒன்றின் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் காற்று தன்னை இழுத்துக்கொண்டு போவதைக் கண்டார். அந்த வித்தையில் ஜெயித்தார். இன்றைக்கு எல்லோரும் செய்வது அதுதான். 1986இல் ஜனாதிபதி ரீகன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

அவரே பிறகு அணி நடத்தியபோது 1966இல் ஒரு ஃபோர்டு கொண்டுவந்தார். மூக்கு தாழ்ந்து, கூரை வெட்டிக் குறைத்து, வால் தூக்கி, மஞ்சள் நிறம். பார்த்தவர்கள் 'மஞ்சள் வாழைப்பழம்' என்றார்கள். அந்தச் சமயம் ஃபோர்டு கம்பெனி கோபித்துக்கொண்டு ஒதுங்கியிருந்ததால் கூட்டம் குறைந்திருந்தது. நாஸ்கார் கண்ணை மூடிக்கொண்டு ஓடவிட்டது. ஒரே ஒரு ரேஸ். அதன் பிறகுதான் உடல் வடிவத்தின் மேல் தகட்டு டெம்ப்ளேட்டை வைத்து இடைவெளி பார்க்கும் முறை வந்தது. எங்கள் தொழிற்சாலையில் புரொஃபைல் கேஜ் என்போம். ஒவ்வொரு கேஜுக்குப் பின்னாலும் அதை வரவழைத்த ஒரு கெட்டிக்காரன் இருப்பான்.

மழை விட்டதும் நார்த் வில்க்ஸ்பரோ ஸ்பீட்வே. 1947இல் தொடங்கியது. முன்நேர்ப்பாதை இறக்கம், பின்நேர்ப்பாதை ஏற்றம். நிலத்தை மட்டப்படுத்தும் முன் காசு தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான் காரணம். அந்த ஏழ்மையே பிறகு இந்த டிராக்கின் அழகாயிற்று. 1995-96இல் இரண்டு பெரிய டிராக் முதலாளிகள் ஆளுக்குப் பாதி வாங்கினார்கள். டிராக் அவர்களுக்கு வேண்டாம், அதன் பந்தயத் தேதிகள்தான் வேண்டும். ஒன்று டெக்சாசுக்கும் ஒன்று நியூ ஹாம்ப்ஷயருக்கும் போயிற்று. பொய்ச் சாட்சி இல்லை, திருட்டு இல்லை, எல்லாம் கையெழுத்துப் போட்டு நடந்தது. பின்பு களைச்செடி மண்டிக் கிடந்தது.

2022இல் மீண்டும் திறந்தார்கள், 2023இல் ஆல்-ஸ்டார் ரேஸே இங்கு நடந்தது. 2024 தொடக்கத்தில் பழைய இருக்கைகளைப் பழுதுபார்த்தபோது அடியில் சுமார் 700 சதுர அடிக்கு ஒரு பொந்து இருந்தது தெரிந்தது. உடனே, இங்கேயும் அடுப்பு இருந்திருக்குமோ என்று பேச்சு. மண் அரித்து விழுந்த பள்ளமாகவும் இருக்கலாம். வில்க்ஸ் கவுண்டியில் பள்ளம் வெறும் பள்ளமாக இருக்க யாரும் விடுவதில்லை.

ஐந்தாம் நாள், சனி: வின்ஸ்டன்-சேலம்

பகலில் செய்தது ஒன்றுமில்லை. கிரிஸ்பி கிரீம் டோனட் பிறந்த ஊர் இது, 1937இல். மகளுக்குத் தெரியாமல் மூன்று சாப்பிட்டேன். சர்க்கரை அளவு பற்றி இங்கே பேச வேண்டாம்.

மாலையில் போமன் கிரே ஸ்டேடியம். நகராட்சியின் சொத்து. பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க அரசு கட்டிய கட்டடங்களில் ஒன்று. பெயர் ஒரு சிகரெட் கம்பெனித் தலைவருடையது. நடுவில் கால்பந்து மைதானம், அமெரிக்கக் கால்பந்து. வின்ஸ்டன்-சேலம் மாநிலப் பல்கலைக்கழக அணி இங்கே ஆடுகிறது. அந்த மைதானத்தைச் சுற்றிக் கால் மைல் தார்ப்பாதை. அதுதான் டிராக். சாய்வு என்பதே இல்லை, தோசைக்கல் மாதிரி தட்டை.

1949இல் பில் ஃபிரான்ஸும், கொடி காட்டுபவராக இருந்த ஆல்வின் ஹாக்கின்ஸும் சேர்ந்து இங்கே ரேஸ் தொடங்கினார்கள். வாராவாரம் நடந்த முதல் நாஸ்கார் தளம் இது. ஹாக்கின்ஸ் குடும்பமே தலைமுறையாக நடத்தியது. குத்தகை நாஸ்கார் கைக்கு மாறியது 2024இல்தான். கோடைக்காலச் சனிக்கிழமை என்றால் ஊர் இங்கேதான். மொத்தம் சுமார் 17,000 பேர் உட்காரலாம். எங்கள் வரிசையில் ஒரு பாட்டி, அவர் மகள், மகளின் மகள், மூன்று பேரும் ஒரே ஓட்டுநரின் சட்டை. இரண்டு வரிசை கீழே அதே ஓட்டுநரைத் திட்டுவதற்கென்றே வந்த ஒரு குடும்பம். பாட்டிக்கும் அவர்களுக்கும் நல்ல பழக்கம்போல, நொறுக்குத்தீனி கைமாறியது.

பெரிய ரேஸும், அதாவது நாஸ்காரின் உச்சப் போட்டியும், இங்கே நடந்திருக்கிறது, 1958 முதல் 1971 வரை. ரிச்சர்ட் பெட்டியின் நூறாவது வெற்றி 1969இல் இந்தக் கால் மைலில்தான். 1971 ஆகஸ்டில் பாபி அலிசன் ஒரு மஸ்டாங்கில் ஜெயித்தார். அது சின்னக் கார் பிரிவைச் சேர்ந்தது, பெரிய கார்களோடு சேர்த்து ஓடவிட்டிருந்தார்கள். அப்போ ஜெயித்தது யார்? அவர் முதலில் வந்தார், ஆனால் கார் வேறு வகை. இதற்கு விடை சொல்லாமலே ஐம்பது வருஷம் ஓட்டினார்கள், ஏட்டில் அந்த ரேஸுக்கு வெற்றியாளரே இல்லை. 2024 அக்டோபரில் அதை அலிசனின் 85ஆவது வெற்றியாக ஒத்துக்கொண்டார்கள். அடுத்த மாதமே அவர் காலமானார். ஒரு ஃபைலை ஐம்பத்து மூன்று வருஷம் பெண்டிங்கில் வைத்த அலுவலகத்தை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

பெரிய ரேஸ் போனதற்கும் இந்த ஊருக்கும் ஒரு தொடர்பு. 1971 தொடக்கத்தில் டிவியில் சிகரெட் விளம்பரத்துக்குத் தடை வந்தது. இந்த ஊர்ச் சிகரெட் கம்பெனி ரெனால்ட்ஸ் கையில் செலவழிக்க வழியில்லாமல் பணம். ஜூனியர் ஜான்சன் தன் அணிக்கு உதவி கேட்டுப் போனார். அவர்கள் சொன்ன தொகை ஓர் அணிக்கு மிக அதிகம், நாஸ்காரிடமே பேசுங்கள் என்று அனுப்பிவைத்தார். அவர்களுடைய சிகரெட்டின் பெயரில் வின்ஸ்டன் கோப்பை அப்படி வந்து 2003 வரை இருந்தது. பணம் வந்ததும் சின்ன டிராக்குகளையும் சின்ன ரேஸ்களையும் அட்டவணையிலிருந்து வெட்டினார்கள். வின்ஸ்டன் ஊரின் பெயரைக் கொண்ட கோப்பை 1971க்குப் பிறகு வின்ஸ்டன்-சேலத்துக்கு வரவேயில்லை. 2025 பிப்ரவரியில்தான் ஒரு கண்காட்சிப் பந்தயத்துக்குப் பெரிய கார்கள் மறுபடி வந்தன.

ஆனால் சனிக்கிழமை ரேஸ் அதற்காக நிற்கவில்லை. மயர்ஸ் சகோதரர்கள் பில்லியும் பாபியும் இந்த டிராக்கின் ஆட்கள். பாபி 1957இல் டார்லிங்டனில் விபத்தில் இறந்தார். அடுத்த வருஷம் பில்லி இதே ஸ்டேடியத்தில் ரேஸ் ஓட்டிக்கொண்டிருக்கும்போது மாரடைப்பில் போனார். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் இன்றைக்கும் இங்கே ஓட்டுகிறார்கள்.

ராத்திரியின் பெரிய ரேஸ் மாடிஃபைட் வகை. பெயரிலேயே ஒப்புதல் வாக்குமூலம் இருக்கிறது: மாற்றியமைத்தது. சக்கரங்கள் வெளியே துருத்திக்கொண்டு, உடல் தரையோடு ஒட்டிக்கொண்டு, கார் என்று சொல்லவே கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஒரு சுற்று சுமார் 13 வினாடி. இந்தச் சின்ன இடத்தில் வேகத்தால் யாரும் யாரையும் முந்த முடியாது. முன்னால் போகிறவன் பம்பரில் லேசாகத் தட்டி, அவன் அரையடி வெளியே விலகியதும் உள்ளே நுழைய வேண்டும். லேசாக என்பதில்தான் சண்டை வருகிறது. சுழன்று நின்ற ஓர் ஓட்டுநர் இறங்கி, தன்னைத் தட்டியவரின் கார் சுற்றி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். ஸ்டேடியமே எழுந்து நின்றது. மாப்பிள்ளையும் எழுந்து நின்று கத்தினார். ஆபீசில் மீட்டிங்கில் மியூட் போட்டுப் பேசுகிற மனுஷன்.

எனக்கு மனசு போனது கடைசிப் பிரிவில். ஸ்டேடியம் ஸ்டாக். நான்கு சிலிண்டர் குட்டி வண்டிகள். யாரோ வேலைக்கு ஓட்டிக்கொண்டுபோய் ஓய்ந்த பழைய கார்கள். கண்ணாடியைக் கழற்றி, உள்ளே குழாய்க் கூண்டு வைத்து, கதவில் கையால் நம்பர் எழுதியிருக்கிறார்கள். ஒன்றின் நம்பர் சரியாகக் காயாமல் ஒழுகியிருந்தது. பட்டறையிலும் டயர்க் கடையிலும் வாரம் முழுவதும் வேலை செய்கிற ஆட்கள் என்று பக்கத்துப் பாட்டி சொன்னார். ஐந்து நாளாகத் தேடிய சொல் கடைசியில் இந்தக் கூட்டத்தில் மிகவும் காசு குறைந்த வண்டிகளின் நெற்றியில்தான் ஒட்டியிருக்கிறது.

ரேஸ் முடிந்து கூட்டம் கலைந்தது. விளக்கில் பாதியை அணைத்துவிட்டார்கள். "மாமா, ட்ராஃபிக்ல மாட்டிக்குவோம்" என்றார் மாப்பிள்ளை. ஐந்து நிமிஷம் என்று சொல்லி வேலிப் பக்கம் போனேன். அந்தப் பக்கம், ஜெயித்த குட்டிக் காரை ஜாக்கி வைத்துத் தூக்கியிருந்தார்கள். ஓட்டிய பையன் ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு நின்றான். என் வயதுக்காரர் ஒருவர் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அடியில் படுத்திருந்தார். முதலில் பார்த்தது பின்பக்க ஸ்பிரிங்.

வெளியே வந்து கேஜை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பேன்ட்டில் துடைத்தார். பையன் எச்சில் விழுங்கியது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. ஒன்றும் சொல்லாமல் அவர் மறுபடி அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

"மாமா..."

"இரு மாப்பிள்ளை, இன்னொரு பக்கம் பாக்கி இருக்கு."